‘ப்ளீஸ்’தான் நம்ம ‘ங்க’

(கோட்டக்குப்பத்தில் விடுதி, உணவகம், கடைகளில் வரவேற்பு வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள்ல பல பேர் முதல் தடவையா வேலைக்குப் போறீங்க. ‘எனக்கு இங்கிலீஷ் வராதே, வெள்ளைக்காரங்க வந்தா என்ன பண்றது?’ என்ற பயம் முகத்தில் தெரியுது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனால் என் தப்பில் இருந்தே தொடங்குறேன்.

பல வருஷம் முன்னால், கடலோரத்தில் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். முதுகில் பையோடு ஒரு வெளிநாட்டு அம்மா தனியா உள்ளே வந்தாங்க. நான் எழுந்து நின்று, ‘குட் நைட், மேடம்’ என்றேன். அவங்க ஒரு மாதிரி பார்த்துட்டு, ‘ரூம்?’ என்று கேட்டாங்க. ரூம் காலியா இருந்தது. ஆனா வாயில் வார்த்தை வரலை. நம்ம ஊர் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ‘ஓகே, தேங்க்யூ’ என்று பையைத் தூக்கிக்கிட்டு இருட்டில் ரோட்டுக்குப் போயிட்டாங்க. ஏன் போனாங்க என்றே எனக்கு அப்போ புரியலை.

பிறகு ஒரு பெரியவர் விளக்கினார். இங்கிலீஷில் ‘குட் நைட்’ என்பது விடைபெறும் போது சொல்வது. வந்ததும் வராததுமா அந்த அம்மாவை நான் வழியனுப்பி வச்சிருக்கேன்! நம்ம தலையாட்டல் நமக்கு ‘சரி’. வெளியூர்க்காரர் பலருக்கு அது ‘இல்லை’ மாதிரி தெரியும். ரூம் இருந்தும் ஒரு பெண்ணை ராத்திரியில் தெருவுக்கு அனுப்பிட்டேன். இலக்கணம் தெரியாததால் வந்த வினை இல்லை இது. ‘எஸ், மேடம்’ என்று ரெண்டு சொல் சொல்லியிருந்தால் போதும்.

நம்ம ஊரில் இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், புதுச்சேரியை ஒட்டிய ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வர்றவங்களும் நம்மைக் கடந்துதான் புதுச்சேரிக்குள் போகணும். பக்கத்தில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று அதைத் தொடங்கினபோது, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே தாழியில் போட்டாங்க. இன்றைக்கும் பல நாட்டுக்காரங்க அங்கே வாழுறாங்க; அவங்களைப் பார்க்கவும் ஆட்கள் வர்றாங்க. பெரிய முதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் பக்கம் எத்தனை விடுதிகள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் கவனிங்க. வர்றவங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், ரஷ்யாக்காரர், நம்ம நாட்டு வங்காளிகள், எல்லாரும் நம்மை மாதிரியே அதைக் கற்றுக்கொண்டவங்க. ரெண்டு பேருக்கும் அது கடன் வாங்கின மொழிதான். அதனால் வெட்கப்பட வேண்டாம். சின்ன வாக்கியம், மெதுவான பேச்சு, இது போதும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தமிழில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ‘வா’ என்பதோடு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துடும். வாங்க, உட்காருங்க, சொல்லுங்க. இங்கிலீஷில் இந்த ‘ங்க’ கிடையாது. ‘உட்காருங்க’ என்று மனசில் நினைத்து ‘சிட்’ என்று சொன்னால், கேட்கிறவருக்கு அது ‘உட்காரு’. ‘சொல்லுங்க’ என்று நினைத்து ‘டெல் மீ’ என்றால் அதட்டல் மாதிரி இருக்கும். ‘என்ன வேணும்?’ என்பதை ‘வாட் டூ யூ வாண்ட்?’ என்று கேட்டால் ‘உனக்கு இங்கே என்ன வேலை?’ என்று ஆயிடும். நீங்க மரியாதையாத்தான் பேசுவீங்க. அது அவங்க காதுக்குப் போய்ச் சேராது. அந்த ‘ங்க’ செய்யும் வேலையை இங்கிலீஷில் செய்வது ‘ப்ளீஸ்’. அதை மறக்காதீங்க.

ஏழே ஏழு வாக்கியம் தர்றேன். போனில் குறித்து வச்சுக்கோங்க.

ஒன்று, ‘குட் மார்னிங், வெல்கம்.’ நண்பகலுக்குப் பிறகு ‘குட் ஆஃப்டர்நூன்’. பொழுது சாய்ந்தால், இரவு பத்து மணியே ஆனாலும், வர்றவருக்கு ‘குட் ஈவினிங்’தான்.

இரண்டு, ‘ப்ளீஸ் கம் இன்.’ உள்ளே வாங்க.

மூன்று, ‘ப்ளீஸ் ஹேவ் எ சீட்.’ உட்காருங்க.

நான்கு, ‘ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?’ என்ன வேணும், சொல்லுங்க.

ஐந்து, ‘மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்?’ உங்க பேர் என்னங்க?

ஆறு, ‘ஒன் மொமெண்ட், ப்ளீஸ்.’ கொஞ்சம் இருங்க. காத்திருக்கும் நேரம் தெரிந்தால் அதையும் சொல்லிடுங்க: ‘டென் மினிட்ஸ், ப்ளீஸ்.’ பத்து நிமிஷம் என்று தெரிந்தால் யாரும் பொறுமையா இருப்பாங்க.

ஏழு, ‘ஐ ஸ்பீக் எ லிட்டில் இங்கிலீஷ். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.’ எனக்குக் கொஞ்சம்தான் தெரியும், மெதுவா பேசுங்க. இதைத் தைரியமா சொல்லுங்க. புரியாமல் ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

கை கொடுக்கணுமா என்று நேற்று ஒரு தங்கச்சி கேட்டாங்க. அவங்க கை நீட்டினால், உங்களுக்கும் விருப்பம் இருந்தால் கொடுங்க. இல்லை என்றால் கைகூப்பி ‘வணக்கம்’ சொல்லுங்க. அதில் எந்தக் குறையும் இல்லை. நிறைய பேர் அதை விரும்புவாங்க. முகத்தைக் கடுகடு என்று வச்சுக்காதீங்க. விருந்தாளி அனிச்சப் பூவை விட மென்மையானவர், நாம முகம் மாறிப் பார்த்தாலே வாடிடுவார் என்று வள்ளுவரே விருந்தோம்பல் அதிகாரத்தில் சொல்லியிருக்கார்.

விலை சொல்லும்போது கூடுதல் கவனம் வேணும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ ரெண்டும் காதுக்கு ஒன்று போலவே விழும். 15-ஆ 50-ஆ என்று சண்டை வரவே கூடாது. போனில் கால்குலேட்டரைத் திறந்து எண்ணைக் காட்டிடுங்க.

மொழிபெயர்ப்புச் செயலியும் கைகொடுக்கும். தமிழையும் இங்கிலீஷையும் முன்கூட்டியே இறக்கி வச்சுக்கிட்டா, சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். ஆனா ஆள் வந்ததும் குனிந்து போனை நோண்டாதீங்க. முதலில் முகம் பார்த்து ‘வெல்கம்’, பிறகு போன். ஒரு தடவைக்கு ஒரு சின்ன வாக்கியம் மட்டும் பேசுங்க. நீளமா பேசினால் செயலி குழம்பிடும்.

விடுதியில் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு சட்டக் கடமையும் உண்டு. வெளிநாட்டவர் தங்க வந்தால், 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிவு செய்யணும். ‘சி படிவம்’ என்று விடுதிக்காரங்க சொல்வது இதைத்தான். வீட்டில் வாடகைக்குத் தங்க வைக்கிறவங்களுக்கும் இது பொருந்தும். அதுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேணும். ‘பாஸ்போர்ட்!’ என்று கையை நீட்டினால் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும். ‘மே ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?’ என்று கேளுங்க. வேலை முடிந்ததும் ‘தேங்க்யூ’ சொல்லித் திருப்பிக் கொடுங்க. உங்க சொந்த போனில் அதைப் படம் எடுத்து வச்சுக்காதீங்க. அது இன்னொருத்தரோட அடையாள ஆவணம்.

சில நேரம் உங்க இங்கிலீஷும் செயலியும் போதாமல் போகலாம். அப்போ 1363-ஐ அழையுங்க. சுற்றுலாப் பயணிகளுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் 24 மணி நேரமும் நடத்தும் இலவச உதவி எண் இது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பான் மொழி உட்பட 12 மொழிகளில் பேசலாம். போனை விருந்தினர் கையில் கொடுத்தால் அவர் மொழியிலேயே பேசிக்கலாம். உடம்புக்கு முடியாமல் வந்தால் காத்திருக்காதீங்க, 108. மற்ற அவசரத்துக்கு 112. மூன்று எண்ணும் மேஜை மேல் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

இன்று ராத்திரி வீட்டில் ஒரு வேலை செய்யுங்க. போனை நிறுத்தி வச்சு, அந்த ஏழு வாக்கியத்தையும் சொல்லி வீடியோ எடுத்துப் பாருங்க. முதல் தடவை உங்களுக்கே சிரிப்பு வரும். பத்தாவது தடவை வராது. வீட்டில் யாராவது கேலி செய்தால், அவங்களையே விருந்தாளியா நடிக்கச் சொல்லுங்க.

அன்றைக்கு அந்த அம்மா எங்கே போய்த் தங்கினாங்க என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாளைக்கு உங்க வாசலில் அப்படி ஒருத்தர் வந்து நின்றால், இங்கிலீஷ் சரியா தப்பா என்று யோசிக்காதீங்க. எழுந்து நின்று, முகம் பார்த்து, வாய் திறந்து சொல்லுங்க: ‘குட் ஈவினிங், வெல்கம். ப்ளீஸ் கம் இன்.’