1429-ஆ, 1485-ஆ?

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பனியன் தொழிலாளத் தோழர்களே!

பதினைந்தாம் நூற்றாண்டு என்றால் நம் பிள்ளைகள் 1498 என்பார்கள். வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்த ஆண்டு. பரீட்சைக்கு அது போதும். திருப்பூருக்குப் போதாது.

அதே நூற்றாண்டில் நமக்கு வேண்டிய ஆண்டுகள் இரண்டு, 1429, 1485. எது பெரியது? முதலில் 1485-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகர ஆட்சி. வழுதிலம்பட்டுப் பகுதிக் கைக்கோள நெசவாளர்களுக்கு ஓர் உரிமை கிடைக்கிறது. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களைப் போல அவர்களும் நல்லது கெட்டதுக்குச் சங்கு ஊதலாம், பல்லக்கு ஏறலாம். இவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள். சங்கு ஊதுவதற்கே அனுமதி வேண்டியிருந்த காலம் அது. தறிக்காரன் தலைநிமிர்ந்த நாள் என்றே சொல்வேன். ஆனால் கிடைத்தது ஒரு சாதிக்கு. பக்கத்துத் தெருக்காரன் வேடிக்கைதான் பார்த்தான்.

அதற்கு 56 ஆண்டுகளுக்கு முன்னால், 1429. இரண்டாம் தேவராயர் காலம். விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டார்கள். அதிகாரிகளும் நிலம் வைத்திருந்த காணியாளரும் சேர்ந்து கசக்கினார்கள். ஊரைவிட்டு ஓடுவதுதான் அதுவரை வழக்கம். அந்த ஆண்டு சனங்கள் ஓடவில்லை. வலங்கை 98, இடங்கை 98 என்று இரண்டு அணியாகப் பிரிந்துகிடந்த சாதிகள் ஒன்றாகக் கூடின. நாம் ஒன்றாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடந்தது என்று அவர்களே கொறுக்கைக் கோயிலில் கல்லில் வெட்டிவைத்தார்கள். நியாயமான வரியைக் கொடுப்போம், அநியாய வரியைக் கொடுக்கமாட்டோம் என்றார்கள். விருத்தாசலத்திலும் இதேபோல் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அரசன் பெயரை வெட்டும் கல்லில் வரி கட்டுகிறவன் தன் வழக்கை எழுதினான்! வரலாற்று ஆய்வாளர்கள் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னார்கள்.

இவை காவிரி, வெள்ளாற்றுப் பக்கத்துக் கதைகள், கொங்குக் கதைகள் அல்ல. அந்த ஒற்றுமை நிலைத்ததா? இல்லை. பின்னாளில் வலங்கையும் இடங்கையும் கொடிக்கும் பல்லக்குக்கும் அடித்துக்கொண்டார்கள். இருந்தும் என் ஓட்டு 1429-க்குத்தான். 1485-இல் ஒரு பிரிவு மேலே ஏறியது. 1429-இல் எல்லாரும் சேர்ந்து வரிக்கு நியாயமான கணக்குக் கேட்டார்கள்.

நம் ஊருக்கும் அப்படி ஓர் ஆண்டு உண்டு, 1984. பஞ்சப்படி கேட்டு 127 நாள் மெஷின்கள் நின்றன. அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். உங்கள் கதையை எழுதிக் கொடுங்கள், எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுத வையுங்கள். அடுத்த ஆண்டு இதே திடலில் அதைப் புத்தகமாக வெளியிடுவோம்.