மக்கள் சபையில் ஒரு வெள்ளிக்கிழமை

மக்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டரை மணி நேரம் தனி அங்கத்தினர்களுக்கென ஒதுக்கப்படுவது மரபு. அமைச்சரல்லாதோர் அப்பொழுது தம் மசோதாவையோ தீர்மானத்தையோ கொணரலாம். அவற்றுள் பெரும்பாலானவை நிறைவேறுவதில்லை. ஆயினும் அந்நேரம் வீணென்று நாம் எண்ணிவிடலாகாது.

1959 ஆகஸ்டு 7-ஆம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஆங்கிலத்தையும் சேர்க்க வேண்டுமென்ற பிராங்க் அந்தோணியின் தீர்மானம் அன்று விவாதத்தில் இருந்தது. பிரதமர் நேரு பதிலளித்தார். மக்கள் வேண்டும் வரையில் ஆங்கிலம் மாற்று மொழியாக நீடிக்கும் என்றும், அதனை முடிவு செய்வோர் ஹிந்தி பேசாத மக்களே என்றும் உறுதி கூறினார்.

ஆங்கிலம் அவ்வட்டவணையில் இன்றளவும் இடம்பெறவில்லை. ஆனால் அவ்வுறுதிமொழி சபையின் நடவடிக்கைக் குறிப்பில் நிலைபெற்றது. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டபொழுதும், 1965-இல் தமிழகம் கொந்தளித்தபொழுதும் அதுவே நினைவூட்டப்பட்டது. ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலச் சட்டசபைகள் அனைத்தும், பின்னர்ப் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் இசைந்து தீர்மானித்தாலன்றி ஆங்கிலத்தை விலக்கவியலாது என்று 1967-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் விதித்தது.

மத்திய அரசின் பொது ஆணைகள் இருமொழியிலும் வெளிவர வேண்டுமென்பதும் அத்திருத்தத்தின் விதியே. வெளி மாநிலங்களில் வாழும் நாம் அவ்வாணைகளைப் படிக்கும்பொழுது, நிறைவேறாத தீர்மானமும் நிலையான பயன் தரக்கூடும் என்பதை நினைவிற் கொள்வோமாக.