கணக்கு எழுதுகிறவர்களும் கணக்கில் எழுதப்படுகிறவர்களும்

(மாணவர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனடாவின் வான்கூவர் நகரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அங்கே ஹேஸ்டிங்ஸ் தெருவில் 2003 செப்டம்பரில் 'இன்சைட்' என்ற மையத்தைத் திறந்தார்கள். போதை ஊசி போடுகிறவர்கள் தங்கள் சரக்கைத் தாங்களே கொண்டுவந்து, அங்கே தருகிற சுத்தமான ஊசியால், நர்ஸ்கள் பார்வையில் போட்டுக்கொள்ளலாம். வட அமெரிக்காவில் சட்ட அனுமதியோடு வந்த முதல் ஊசி மையம் அதுதான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 1986லேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. போதை ஊசி போட இடமா, இதென்ன கூத்து என்று நம்மில் சிலருக்கே தோணும். தோணட்டும். அளவு மீறி மூச்சு நிற்கும்போது பக்கத்தில் ஆக்சிஜனும் நலோக்சோன் மருந்தும் விவரம் தெரிந்த ஒரு ஆளும் இருந்தால் பிழைக்கிறான். சந்தில் தனியாகக் கிடந்தால் சாகிறான். விஷயம் இவ்வளவுதான்.

இதைப்பற்றி இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கின்றன. 'இவனுங்க திருந்தணும், இல்லாட்டி ஜெயிலுக்குப் போகணும்' என்பது ஒழுக்கவாதியின் குரல். 'இத்தனை டாலர் செலவு செய்தால் இத்தனை எச்.ஐ.வி. தொற்று குறையும், இத்தனை ஆஸ்பத்திரிச் செலவு மிச்சம்' என்பது நிபுணரின் குரல். முதல் குரலை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். இரண்டாவது குரல் நண்பன் வேஷத்தில் வருகிறது. அதனால் அதைத்தான் நிதானமாகக் கேள்விக்குட்படுத்த வேண்டும்.

முதலில் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1907இல் வான்கூவரில் வெள்ளையர் கும்பல் சீனர், ஜப்பானியர் குடியிருப்புகளை அடித்து நொறுக்கியது. நஷ்ட ஈட்டை விசாரிக்க மெக்கன்ஸி கிங் என்ற அதிகாரி வந்தார். பின்னாளில் பிரதமரானவர். அபின் காய்ச்சி விற்ற சீன வியாபாரிகளும் நஷ்ட ஈடு கேட்டார்கள். அவர் ஊருக்குத் திரும்பி அறிக்கை எழுதினார். 1908இல் அபின் தடைச் சட்டம் வந்தது. அடிபட்டவன் மேலேயே சட்டம் பாய்ந்தது! அதை எழுதியவரும் படித்த, நிதானமான அதிகாரிதான்.

இனி மையத்துக்கு வருவோம். 1990களில் அந்த வட்டாரத்தில் எச்.ஐ.வி. காட்டுத்தீயாகப் பரவியது. அளவு மீறிய போதையால் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1997இல் ஆப்பன்ஹைமர் பூங்காவில் மக்கள் 1000 சிலுவைகளை நட்டார்கள், செத்தவர்களுக்காக. போதைப் பழக்கமுள்ளவர்களே கூடி 'வாண்டு' என்ற சங்கத்தைக் கட்டினார்கள். கவிஞர் பட் ஆஸ்போர்ன் அதில் முன்நின்றவர். நகரசபைக் கூட்டத்துக்குப் போனார்கள், தெருவை மறித்தார்கள். அரசு திறப்பதற்கு முன்னாலேயே, 2003 ஏப்ரலில், அனுமதி இல்லாமல் தாங்களே ஒரு ஊசி மையத்தை நடத்திக் காட்டினார்கள். மையம் நிபுணர் மூளையில் உதித்த திட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரு முதலில் செய்தது, அறிக்கை பின்னால் வந்தது.

அறிக்கை என்ன செய்தது? மருந்துச் சட்டத்தின் 56ஆம் பிரிவின் கீழ், விஞ்ஞான ஆராய்ச்சி என்ற பெயரில், 3 ஆண்டுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். உயிர் பிழைக்கிற உரிமை மூணு வருஷக் குத்தகையில்! வந்து போகிற மனிதன் அங்கே ஆராய்ச்சிக்கான மாதிரி.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்குகள் பொய்யில்லை, பயன்படவும் செய்தன. 2011இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, மையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் போதைச் சாவுகள் 35 சதவிகிதம் குறைந்தன. நகரத்தின் மற்ற பகுதிகளில் 9.3 சதவிகிதம்தான். மத்திய அரசு மையத்தை மூட முனைந்தபோது, அதை நடத்திய அமைப்போடு பயனாளிகளும் வழக்காடினார்கள். 2011 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒரே குரலில், மூடுவது எதேச்சாதிகாரம், உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தார்கள். எண்கள் இல்லாமல் இந்த வெற்றி இல்லை. ஆகவே புள்ளிவிவரத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் அளவுகோல் யார் கையில் இருக்கிறது? 2015இல் அதே அரசு புதுச் சட்டம் போட்டது. மையம் திறக்க வேண்டுமா, போலீஸ் தலைவர் கடிதம், குற்றக் கணக்கு, அக்கம்பக்கத்தார் கருத்து என்று 26 நிபந்தனைகள். தடை என்று வாயால் சொல்லவில்லை, படிவத்தால் தடுத்தார்கள். 2017இல்தான் அது தளர்ந்தது.

மையத்துக்குள்ளேயும் அளவுகோல் வேலை செய்தது. ஒருவருக்கு இன்னொருவர் ஊசி போட்டுவிடக் கூடாது என்பது அப்போதைய விதி. காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது. தனக்குத்தானே போட்டுக்கொள்ள முடியாதவர் யார்? கை நடுங்குகிறவர், ஊனமுற்றவர், இதுவரை இன்னொருவர் கையை நம்பியே இருந்த பெண்கள். மிக அதிக ஆபத்தில் இருந்தவர்களை விதி வாசலிலேயே நிறுத்தியது. வாண்டு தோழர்கள் அந்த உதவியைத் தெருவில் நின்று செய்தார்கள். மையத்தை ஊசிக்கென்றே கட்டினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் செத்தவர்கள் சரக்கை உட்கொண்ட வழிகளில் இப்போது முதலிடம் புகைப்பதற்குத்தான். திட்டம் ஒரு பக்கம், சாவு ஒரு பக்கம்.

2016 ஏப்ரலில் அந்த மாகாணம் சுகாதார நெருக்கடியை அறிவித்தது. சரக்கில் ஃபென்டானில் கலந்து வர ஆரம்பித்திருந்தது. அந்த ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1000 பேர் செத்தார்கள். செப்டம்பரில் சில பெண்களும் ஆண்களும் ஒரு சந்தில் கூடாரம் அடித்து, மேசை போட்டு, நலோக்சோனோடு உட்கார்ந்துவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. டிசம்பரில் அரசு இறங்கிவந்து இப்படிப்பட்ட இடங்களுக்கு உத்தரவு போட்டது. சாவு குத்தகை முடிகிறவரை காத்திருக்காது என்பது கூடாரம் அடித்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறமும் சாவு நிற்கவில்லை. 2023இல் அதே மாகாணத்தில் 2500 பேருக்கும் மேல். யார் சாகிறார்கள்? அந்த மண்ணின் பூர்வகுடிகள் மற்றவர்களைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு விகிதத்தில் சாகிறார்கள். மஸ்க்வியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் மக்கள் யாருக்கும் எழுதிக்கொடுக்காத நிலத்தில்தான் அந்த நகரமே நிற்கிறது. பிள்ளைகளைப் பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்த சரித்திரம், வீடில்லாமை, கலப்பட விஷம் இவையெல்லாம் தடுப்பறைக்குள் வைத்து அளக்க முடியாதவை. அளக்க முடியாததை நிபுணர் 'ஆய்வு வரம்புக்கு வெளியே' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

கடைசியாக ஒன்டாரியோ. டொரோன்டோவில் ஒரு மையத்தின் அருகே 2023இல் துப்பாக்கிச் சூடு நடந்து, வழியில் போன ஒரு பெண் இறந்தார். கொடுமைதான். அந்த மையத்தை ஆராய மாகாண அரசே ஆள் அமர்த்தியது. அவர்கள் மூடச் சொல்லவில்லை, சீர்செய்து நடத்தச் சொன்னார்கள். அரசு என்ன செய்தது? 2024இல் சட்டம் போட்டது: பள்ளிக்கும் குழந்தைக் காப்பகத்துக்கும் 200 மீட்டருக்குள் எந்த மையமும் கூடாது. கெடு 2025 மார்ச் 31. நிபுணர் அறிக்கை வேண்டும்போது வேதம், வேண்டாதபோது வெறும் காகிதம்.

இதில் நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம்மைப் பற்றியும் அறிக்கைகள் எழுதப்படுகின்றன, நமக்காகவும் திட்டங்கள் வருகின்றன. மாணவர்களாகிய நீங்கள் நாளைக்கு அந்த அறிக்கைகளை எழுதும் இடத்தில் உட்காரலாம். அப்போது மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். கேள்வியைத் தயாரித்தது யார்? எதை எண்ணாமல் விட்டார்கள்? எண்ணப்பட்டவர்களில் ஒருவராவது முடிவெடுக்கும் மேசையில் இருக்கிறாரா?

மூன்றாவதுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அறிக்கை எவ்வளவு நல்ல மனசோடு எழுதப்பட்டிருந்தாலும், மூடுகிற சாவி இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

விவாதிப்போம்.