இரண்டு குளிசைக்கு நடுவில் எத்தனை மணித்தியாலம்?



சம்பள விஷயத்தைத் தலைவர் பேசுவார். நாங்கள் எச்.ஐ.வி. மருந்தைப் பற்றிப் பேச வந்தோம். பாருங்கள், சத்தம் அடங்கிவிட்டது. இந்தப் பயத்தால்தான் மருந்து எடுக்கிறவர் தோட்ட டிஸ்பென்சரியில்கூட வாய் திறப்பதில்லை.

இப்போது முதலில் கொடுக்கும் மருந்தில் இருப்பது டொலுடெக்ராவிர். 2019இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தெரிவாகச் சொன்னது. நாளுக்கு ஒரு தரம், நல்ல மருந்து. ஆனால் இரும்பு, கல்சியம், மக்னீசியம், அலுமினியம் கூட வந்தால் வயிற்றிலேயே அவற்றோடு ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தில் சேர வேண்டிய அளவு சேராது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா. பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். இரத்தம் குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்திருந்தார்கள். மறந்துபோகும் என்று இரண்டையும் சேர்த்து, பிரட்டுக்கு ஓடுமுன் வெறும் வயிற்றில் பிளேன்டியோடு விழுங்கினார். (தேத்தண்ணி இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும், அது வேறு.) ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனாலும் பரிசோதனையில் கிருமி கூடியிருந்தது. "ஒழுங்காக மருந்து போடவில்லை" என்று ஏச்சு வாங்கினார். எத்தனை மணிக்கு, எதோடு எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எச்.ஐ.வி. குளிசையை இரும்புக்கோ கல்சியத்துக்கோ 2 மணித்தியாலம் முந்தி அல்லது 6 மணித்தியாலம் பிந்தி எடுக்க வேண்டும். சோற்றோடு என்றால் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கலாம். நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் குளிசைக்கு அந்தச் சலுகை இல்லை, சாப்பாட்டோடும் சேர்க்கக் கூடாது. பகல் சோற்றோடு இரும்பு, இரவு எட்டு மணிக்கு எச்.ஐ.வி. மருந்து என்று வைத்துக்கொண்டால் மலைக்குப் போகிறவர்களுக்கு லேசு.

கசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிர் நாளுக்கு இரண்டு தரம் வேண்டும். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கு நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். வலிப்புக்குக் கார்பமசெபின் என்றாலும் கிளினிக்கில் சொல்லியே ஆக வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பாலியல் நோய் கிளினிக்கில் இந்த மருந்து இலவசம். போகிற நாளில் எங்கே போகிறாய், என்ன வருத்தம் என்று கங்காணியோ துரையோ துருவினால் எங்களிடம் வாருங்கள். நாங்களும் நோயின் பெயரைக் கேட்கமாட்டோம். "கிளினிக் நாள்" என்று சொன்னால் போதும்.