பழைய பேஜ்மேக்கரும் புதிய விண்டோஸும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கம்ப்யூட்டரைப் பத்திப் பேசுங்க. ஆனா எங்களுக்கும் புரியணும்" என்றார். அதனால் நான் பிறந்து வளர்ந்த சூலக்கரைக்குப் பக்கத்தில், சிவகாசி அச்சகங்களில் பார்த்ததையே பேசுகிறேன்.

காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள் என்று எதை எடுத்தாலும் அதன் பழைய கோப்பு பெரும்பாலும் பேஜ்மேக்கரில்தான் இருக்கும். ஆல்டஸ் நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த மென்பொருள் அது. 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001-இல் வந்த 7.0 தான் கடைசிப் பெரிய பதிப்பு. அதன் பிறகு வந்த விஸ்டா முதல் இன்றைய விண்டோஸ் 11 வரை எதற்கும் அது முறைப்படி தயாரிக்கப்படவில்லை. ஆனாலும் கொஞ்சம் தாஜா பண்ணினால் ஓடுகிறது.

"அப்போ ஏன் இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழறாங்க?" என்று மாணவர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மாமா முறையுள்ள ஒருவரின் அச்சகத்தில் எக்ஸ்பி மெஷினின் மதர்போர்டு போய்விட்டது. அது ஆடி மாதம். ஆடிப்பெருக்கு அன்றுதான் சிவகாசியில் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் புது விண்டோஸ் 11 மெஷினோடு போய், "மாமா, பேஜ்மேக்கர் மியூசியத்துக்குப் போக வேண்டியது. எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்திடுவோம்" என்றேன். ஒரே இரவில் மாற்றியும் விட்டேன்.

காலையில் சரிபார்க்க உட்கார்ந்தேன். தினசரி காலண்டரில் தாளுக்குத் தாள் 'கௌரி' நல்ல நேரம் வருமல்லவா? அந்தச் சொல்லைத் தேடினேன். 365 தாளில் ஒன்றுகூட இல்லை என்றது கம்ப்யூட்டர். இருபது வருடமாக அங்கே டிடிபி பார்க்கும் அக்கா சிரித்துவிட்டார். "கண்ணு முன்னாடி நிக்குதே சார்!"

விஷயம் இதுதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தன. பாமினியில் சின்ன 'எம்' தட்டினால் 'அ' வரும். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. எங்கள் எழுத்துருவில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே இடம். மாற்றி அதை 'ள' என்றே எடுத்துக்கொண்டது. அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. 'ஸ்ரீ' இருந்த இடமெல்லாம் வெறும் கட்டம். பண்டிகைப் பெயர்களில் இப்படி எத்தனை போயிருக்கிறதோ? தாள் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க நாள் இல்லை. தப்பான காலண்டர் கடைக்குப் போனால் மாமாவின் பேர் ஒரு வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும்!

அப்போது அக்கா பீரோவைத் திறந்து பழைய குறுந்தகட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் வரிசை எண்ணை ஒரு தினசரித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். நல்ல வேளையாக ஹார்ட் டிஸ்க் சாகவில்லை. புது மெஷினுக்குள்ளேயே ஒரு மெய்நிகர்க் கணினி அமைத்து, அதில் எக்ஸ்பியையும் பேஜ்மேக்கரையும் ஏற்றினேன். அக்காவின் விரல் பழைய விசைப்பலகையில் ஓடியது. ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியானது. மாமா, "மாப்ளே, மியூசியம் நல்லா ஓடுதே!" என்றார்.

அதற்காகப் பழையதே போதும் என்று சொல்ல வரவில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. 2017 மே மாதம் வானாக்ரை உலகத்தையே உலுக்கியபோது மைக்ரோசாப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. எனவே உள்ளே இருக்கும் பழைய கணினிக்கு இணையம் கூடவே கூடாது. விண்டோஸ் 10-இன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

அச்சகம் நடத்தும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். முடிந்த வேலையை அன்றன்றே பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். இன்டிசைனில் சி.எஸ். 6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பு திறக்கும். அந்தப் பாலம் கையில் இருக்கும்போதே அவசியமானவற்றை நிதானமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் மட்டும் வேண்டாம்!

மாணவச் செல்வங்களே, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய தமிழ் எவ்வளவோ இன்னும் இந்தப் பழைய பெட்டிகளுக்குள் கிடக்கிறது. புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீர்கள். ஒரு அச்சகத்துக்குப் போய், இருபது வருடம் வேலை பார்த்த ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். "இதைத் தூக்கிப் போடுங்க" என்று சொல்வதற்கு முன்னால், "இது ஏன் இன்னும் இருக்கு?" என்று கேளுங்கள். நான் அதை ஒரு நாள் தாமதமாகக் கேட்டவன்.