அப்பாயியைப் பார்க்க ஆள் எங்கே?

(ஒக்டோபர் 1, 2025, உலக முதியோர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி இரண்டு வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. லயத்துக்குப் போய்க் கேட்டோம். "அப்பாயி படுத்த படுக்கை, டீச்சர். அம்மா மலைக்குப் போகாட்டி பேர் இல்ல. அதான் நான் நிக்கிறேன்" என்றாள்.

கைக்குழந்தையைப் பார்க்கத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. காலமெல்லாம் கொழுந்து பறித்துத் தேய்ந்த உடம்பைப் பார்க்க என்ன இருக்கிறது? அந்தப் பொறுப்பு வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. அவள் மலைக்குப் போனால் பிள்ளையின் தலையில் விழுகிறது.

அரசாங்கம் என்ன தருகிறது? வருமானம் குறைந்த, 70 வயது கடந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் கணக்குப் பாருங்கள். 2025இல் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் அப்பாயியைப் பார்க்க அம்மா நாலு நாள் வீட்டில் நின்றாலே 5,400 ரூபா போய்விடும். மிச்ச நாளுக்கு என்ன செய்வது? நமக்குப் பென்சனும் இல்லை. சேமலாப நிதியும் பணிக்கொடையும் கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடுகின்றன.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது. நாம் கைவிடவில்லை. வைத்துப் பார்ப்பதற்குத்தான் வழி கேட்கிறோம்.

நமது கோரிக்கை மூன்று. ஒவ்வொரு டிவிசனிலும் முதியோருக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் வேண்டும். நமது இளைஞர், யுவதிகளைப் பயிற்றி, அரச சம்பளத்தில் வீடு வீடாகப் போய்ப் பராமரிக்க நியமிக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பதற்காக வேலையை விட்டவருக்கு மாதக் கொடுப்பனவு வேண்டும்.

இன்றே செய்ய வேண்டியதும் உண்டு. வீட்டுப் பெரியவரின் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயரோ பிறந்த திகதியோ பிழையாக இருந்தால் இப்போதே திருத்துங்கள். 70 கடந்தும் கொடுப்பனவு வராதவர்கள் தலைவரிடம் பெயர் கொடுங்கள். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்துக்கும் சேர்ந்தே போவோம்.

அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்கு வருகிறாள். பக்கத்துக் காம்பரா அக்காமார் முறை வைத்து அப்பாயியைப் பார்க்கிறார்கள். அது நம்ம சனத்தின் மனசு. அந்த மனசைக் காட்டி அரசாங்கம் கைகழுவ விடமாட்டோம்.