மக்கு என்று சொல்லாதீர்கள்

(படிப்பு மையம் ஒன்றில் பெற்றோர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அடுப்பு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தச் சொல் 'மக்கு'.

"பெரியவன் கெட்டிக்காரன். சின்னவன்தான் மக்கு." இப்படிச் சொல்லாத வீடு உண்டா? பக்கத்து வீட்டுக்காரர் வந்தால் குழந்தையை வைத்துக்கொண்டே சொல்கிறோம். நாம் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். குழந்தை மறப்பதில்லை. பத்துத் தடவை கேட்டால் அதை நம்பிவிடுகிறது. 'எனக்குப் படிப்பு வராது' என்று தானே சொல்ல ஆரம்பிக்கிறது. பிறகு காலையில் வயிற்றுவலி வருகிறது. பள்ளிக்குப் போக மனம் வருவதில்லை. ஒருநாள் படிப்பு நின்றே போகிறது.

இங்கே இருப்பவர்களில் சிலர் சிறு வயதில் ஓரிரு வருடம் பள்ளிக்குப் போய் நின்றவர்கள். வறுமை ஒரு காரணம். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற பேச்சு ஒரு காரணம். சிலருக்கு இந்த 'மக்கு' என்ற சொல்லும் ஒரு காரணம். ஆனால் அதே நீங்கள்தான் இன்று 40 வயதிலும் 50 வயதிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறீர்கள். பஸ் எங்கே போகிறது என்று நீங்களே பார்த்து ஏறுகிறீர்கள். அப்படியானால் அன்று உங்களிடம் என்ன குறை இருந்தது? யோசித்துப் பாருங்கள்.

இரண்டு டம்ளர் தண்ணீர்

வீட்டுக்குப் போனதும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களை எடுங்கள். இரண்டிலும் சமமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு வயதுக் குழந்தையைக் கூப்பிட்டு, "இரண்டிலும் ஒரே அளவா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று சொல்லும். இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைக் குழந்தையின் கண் முன்னாலேயே உயரமான, ஒல்லியான ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். "இப்போது எதில் அதிகம்?" என்று கேளுங்கள்.

உயரமான பாத்திரத்தைத்தான் குழந்தை காட்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் கேட்டால் சிரிக்கும். "அதே தண்ணீர்தானே!" என்று சொல்லும்.

நான்கு வயதுக் குழந்தை மக்கா? இல்லை. உலகம் முழுவதும் பெரும்பாலான சிறு குழந்தைகள் அப்படித்தான் சொல்கின்றன. அந்த வயதில் கண்ணுக்குத் தெரிகிற உயரம்தான் கணக்கு. ஒல்லியாக இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும் சக்தி பிறகுதான் வருகிறது.

இதைக் கண்டு சொன்னவர் ஜான் பியாஜே. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர். 1896-இல் பிறந்து 1980-இல் மறைந்தவர். இளம் வயதில் அவர் பாரிஸ் நகரத்தில் குழந்தைகளின் அறிவைச் சோதிக்கும் கேள்விகளைத் தயாரிக்கும் வேலையில் இருந்தார. சரியான விடைகளை எண்ணுவதுதான் மற்றவர்களுக்கு முக்கியம். அவரோ தவறான விடைகளைக் கவனித்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறு செய்வதைக் கண்டார். தவறு என்றாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தை பெரியவர்களைப் போல நினைப்பதில்லை, தனக்கே உரிய முறையில் நினைக்கிறது என்று அவர் எடுத்துச் சொன்னார்.

அடித்துக் கேட்டால் நான்கு வயதுக் குழந்தையும் "இரண்டும் சமம்" என்று சொல்லும். ஆனால் புரிந்து சொல்லாது. பயந்து சொல்லும்.

எல்லாவற்றுக்கும் ஒரு வேளை உண்டு

சில குழந்தைகள் ஒன்பது, பத்து மாதத்திலேயே நடந்துவிடும். சில குழந்தைகள் பதினைந்து மாதத்தில் நடக்கும். இரண்டும் இயல்புதான். அதற்காக யாரும் குழந்தையை அடிப்பதில்லை. "விழுந்தால் என்ன, எழுந்து வா" என்று கையை நீட்டுகிறோம். நடக்கப் பழகும்போது இருக்கிற இந்தப் பொறுமை, சிலேட்டைக் கையில் கொடுத்ததும் எங்கே போகிறது?

மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடிக்க இன்னும் பழகவில்லை. அதற்குள் 'அ' எழுது, 'ஆ' எழுது என்று விரட்டுகிறோம். அந்தக் கைக்குத் தேவை களிமண் உருட்டுவது, மணலில் கோடு போடுவது, பூக் கோப்பது, பட்டாணி உரிப்பது. இவை வெறும் விளையாட்டு இல்லை. நாளைக்கு எழுதப் போகிற விரலுக்கு இன்றைய பயிற்சி.

எண்ணிக்கையும் அப்படியே. மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை பாட்டுப் போலச் சொல்லும். நாமும் பெருமைப்படுவோம். அதே குழந்தையிடம், "ஐந்து புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுக்கும். சொல் தெரியும். பொருள் இன்னும் தெரியவில்லை. தினமும் கொட்டையை எண்ணி எண்ணி விளையாடினால் ஒருநாள் பொருளும் தெரிந்துவிடும்.

வீட்டுப் பேச்சே முதல் பாடம்

"எனக்கே இப்போதுதான் எழுத்துத் தெரிகிறது. நான் குழந்தைக்கு என்ன சொல்லித் தருவேன்?" இப்படி ஓர் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

பிறந்த குழந்தையின் மூளை, பெரியவர்களின் மூளையில் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும். ஆறு வயதுக்குள் அது 90 சதவீத அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அந்த ஆறு வருடமும் குழந்தை யாரோடு இருக்கிறது? உங்களோடுதான். அந்தப் பருவத்தில் அதற்கு வேண்டியது நல்ல உணவு, அன்பு, பேச்சு, விளையாட்டு. இவற்றைக் கொடுக்க எழுத்தறிவு தேவையில்லை.

கைக்குழந்தை 'ஆ, ஊ' என்று சத்தம் போட்டால் நீங்களும் பதில் பேசுங்கள். ஒரு வயதில் ஒரு சொல் வரும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் தா' என்று இரண்டு சொற்கள் சேரும். சமைக்கும்போது, "இந்தக் கத்தரிக்காய் என்ன நிறம்? எது பெரிசு? வெண்டைக்காய் எத்தனை?" என்று கேளுங்கள். வயலுக்குப் போகும்போது செடியின் பேரைச் சொல்லுங்கள். இரவில் கதை சொல்லுங்கள். "அப்புறம் நரி என்ன செய்திருக்கும்?" என்று கேட்டு நிறுத்துங்கள். கதையைக் குழந்தை சொல்லட்டும்.

குழந்தை ஓயாமல் "ஏன், ஏன்?" என்று கேட்கும். எரிச்சல் வரும்தான். ஆனால் அந்த 'ஏன்' நின்றுவிட்டால் கற்பதும் குறைந்துவிடும். பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை. டீச்சரைக் கேட்போம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை.

இன்னொரு செய்தி. சோவியத் நாட்டு அறிஞர் வைகாட்ஸ்கி, 1934-இல் இளம் வயதிலேயே மறைந்தவர். அவர் சொன்னதை எளிதாகச் சொல்கிறேன். குழந்தை தானாகச் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. எத்தனை உதவினாலும் இன்று செய்ய முடியாத வேலைகள் உண்டு. நடுவில், கொஞ்சம் கை கொடுத்தால் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. கற்பது அந்த நடு இடத்தில்தான் நடக்கிறது. சட்டைப் பொத்தானை முழுவதும் நாமே போட்டுவிட்டால் குழந்தை பழகாது. 'நீயே போடு' என்று தள்ளிவிட்டாலும் பழகாது. பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துக் கொடுங்கள். மீதியைக் குழந்தை இழுக்கட்டும். நாளைக்கு முழுவதையும் தானே போடும்.

மீசை வைத்த அம்மா

நம் நாட்டிலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். 1885-இல் பிறந்தவர். தனக்கு மகன் பிறந்ததும், இந்தக் குழந்தையை எப்படி வளர்ப்பது என்று சிந்திக்கத் தொடங்கினார். புத்தகங்களைத் தேடிப் படித்தார். கடைசியில் வழக்கறிஞர் வேலையையே விட்டுவிட்டார். 1920-இல் பாவ்நகரில் 'பால மந்திர்' என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்.

அங்கே பிரம்பு இல்லை. கதை இருந்தது. பாட்டு, நாடகம், தோட்டம், விளையாட்டு இருந்தன. அவருக்குப் பெரிய மீசை. குழந்தைகளிடம் தாயைப் போல இருந்ததால் மக்கள் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள்.

அவரோடு வேலை செய்தவர் தாராபாய் மோடக். அவர் 1945-இல் மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். அங்கே அவரோடு சேர்ந்தவர் அனுதாய் வாக். அனுதாயின் கதையைக் கேளுங்கள். 13 வயதில் திருமணம். ஆறு மாதத்துக்குள் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதிலிருந்து எழுந்து படித்தார். ஆசிரியை ஆனார்.

ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்று இந்த இரண்டு பெண்களும் முடிவு கட்டவில்லை. குழந்தைகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். வீட்டு முற்றத்தில் குழந்தைகளைக் கூட்டிவைத்தார்கள். அதுதான் அங்கன்வாடி. அங்கன் என்றால் முற்றம். பிறகு கோஸ்பாட் மலைப் பகுதியில், வார்லி பழங்குடிப் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனபோது, ஆசிரியர்கள் மேய்ச்சல் வெளிக்கே போய்ப் பாடம் நடத்தினார்கள். இலை, கொட்டை, கூழாங்கல், இவையே பாடப் பொருள்கள்.

1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 33 வட்டாரங்களில் நடந்தது. இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. உங்கள் தெருவில் இருப்பதும் அதில் ஒன்று. அது சோறு போடும் இடம் மட்டும் இல்லை. விளையாடிக் கற்கும் இடம். அங்கே உங்கள் குழந்தை என்ன விளையாடுகிறது, என்ன பாடுகிறது என்று போய்ப் பாருங்கள். கேளுங்கள்.

அடித்தால் படிப்பு வருமா?

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி சொல்வார்கள். குழந்தை மாடு இல்லை. அடிக்குப் பயந்த குழந்தையின் கவனம் எங்கே இருக்கும்? கணக்கில் இருக்காது, ஓங்கிய கையில் இருக்கும். நீங்களே நினைத்துப் பாருங்கள். இந்த வகுப்புக்கு முதல்நாள் வந்தபோது யாராவது சிரித்திருந்தால் பென்சிலைத் தொட்டிருப்பீர்களா? 'தப்பாக எழுதினாலும் பரவாயில்லை' என்று சொன்னதால்தான் எழுதினீர்கள். அந்தத் தைரியத்தை உங்கள் பிள்ளைக்கும் கொடுங்கள்.

சட்டமும் குழந்தையின் பக்கம் இருக்கிறது. 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. பள்ளியில் குழந்தையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது என்று அது சொல்கிறது. "நன்றாக நாலு போடுங்கள், சார்" என்று ஆசிரியரிடம் சொல்வதை நாமும் நிறுத்த வேண்டும்.

வேறு காரணமும் இருக்கலாம்

ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், அது திமிர் இல்லாமலும் இருக்கலாம். காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கரும்பலகையைப் பார்த்துத் தப்பாக எழுதினால் கண் பார்வை குறைவாக இருக்கலாம். காலையில் சாப்பிடாத பிள்ளைக்குப் பாடம் மனதில் நிற்காது. 18 மாதம் ஆகியும் நடக்காத குழந்தையையும், இரண்டு வயதாகியும் பேச்சு வராத குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைச் சோதிக்கும் திட்டம் நடக்கிறது. அவர்கள் வரும் நாளில் குழந்தையைத் தவறாமல் அனுப்புங்கள்.

சில பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள், நன்றாக யோசிப்பார்கள். ஆனால் எழுத்துகளை வாசிப்பது மட்டும் மிகவும் கடினமாக இருக்கும். இது கற்றல் குறைபாடு. சோம்பேறித்தனம் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் சில குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியே மெதுவாக இருக்கும். அவர்களுக்கும் அவர்கள் வேகத்தில் கற்க முடியும். அவர்களுக்குத்தான் நம் பொறுமை அதிகம் வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே! நான் முடிக்கிறேன். இன்றிலிருந்து ஒன்று செய்வோம். குழந்தை ஒன்றைச் செய்யத் தெரியாமல் நின்றால் 'உனக்கு வராது' என்று சொல்ல வேண்டாம். 'இன்னும் வரவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்' என்று சொல்லுவோம். பிறகு பக்கத்தில் உட்காருவோம். உங்கள் எழுத்துப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் படியுங்கள், குழந்தையும் படிக்கட்டும்.



கலந்து பேசுவோம்

1. சிறு வயதில் உங்களை யாராவது 'மக்கு' என்று சொன்னதுண்டா? அப்போது உங்கள் மனம் எப்படி இருந்தது?

2. டம்ளர் சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். உங்கள் குழந்தை என்ன சொன்னது?

3. வீட்டு வேலை செய்துகொண்டே குழந்தைக்குக் கற்றுத் தரக்கூடிய மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்.